டில்லியிலிருந்து காலியாக வந்த பிளேன்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் கால் எப்படி இருக்கிறது, மூச்சு எப்படி இருக்கிறது என்றெல்லாம் அப்புறம்தான் கேட்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பிளேனுக்கு எவ்ளோ துட்டு ஆச்சு?" என்கிறார்கள். பதினொரு லட்சம் என்று சொன்னதும் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஏழு மாதம் ஆகியும் எனக்கே அந்தத் தொகையைச் சொல்லும்போது வாய் உலர்ந்துபோகிறது. ஒரே ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வர ஒரு பிளேன். அந்த ஆள் ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் ஓட்டு வீட்டில் இருக்கும் ஜெயராஜ், வயது ஐம்பத்து நான்கு, ஜெனரேட்டர் மெக்கானிக். ஆளாளுக்கு முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைத்துவிடுகிறேன்.

என் குணத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான் புரியும். கோலார் தங்க வயலில் பாதிப் பேரைப் போல நானும் இருபது வருஷமாகத் தினமும் காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிறவன். மாரிகுப்பத்தில் ஏறுவோம், மூன்றாவது பெட்டி, ஜன்னலோரம் என் இடம். பெட்டியில் எனக்கு வைத்த பெயர் 'மீட்டர்'. எல்லாவற்றையும் எண்ணுவேன். டீ வந்தால் "எனக்கு கேஸ் டிரபிள்" என்பேன். பேப்பர் பக்கத்து ஆளுடையது. யாருக்காவது ஆபரேஷன், யார் வீட்டிலாவது சாவு என்று பெட்டிக்குள் பணம் வசூலிக்க வந்தால், நான் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவேன். கே.ஆர்.புரத்துக்கு அந்தப் பக்கம் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைக்கும் லலிதாம்மாவின் மகனுக்குக் குடல் ஆபரேஷன் என்று துணிப்பை சுற்றி வந்தபோதும் தூங்கினேன். பை என்னைத் தாண்டிப் போனதும்தான் விழித்தேன்.

சரி, வியாதிக்கு வருகிறேன்.

ஜார்கண்டில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஜெனரேட்டரைப் பிரித்து மாட்ட முதலாளி அனுப்பியிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்த வாரத்திலேயே வயிற்றுப்போக்கு வந்து சரியாகிவிட்டது. அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு காலை ஷூவைப் போடும்போது உள்ளங்காலில் மணல் இருப்பதுபோல் இருந்தது. ஷூவை உதறினேன், ஒன்றும் இல்லை. மத்தியானம் ஏணியில் ஏறக் காலைத் தூக்கினால் கால் வரவில்லை. மறுநாள் காலை இரண்டு கால்களும் வேறு யாருடையவோ மாதிரி கட்டிலில் கிடந்தன.

அந்த ஊரில் பன்னிரண்டு படுக்கை உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் சுத்தியலால் முட்டியைத் தட்டினார். கால் துள்ளவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதில் புரதம் கூடியிருந்தால் இந்த வியாதிதான் என்று தெரியுமாம். கூடியிருந்தது. கில்லன் பாரே என்று பெயர் சொன்னார். அங்கே மலையாளத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள், பெயர் ஜெசி. அவள்தான் அரைகுறைத் தமிழில் எனக்கு விளக்கினாள். வயிற்றில் வந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் நரம்புகளின் மேல்தோலை அடிக்க ஆரம்பித்துவிட்டதாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒயரின் மேலிருக்கும் இன்சுலேஷனை எலி கடித்தால் மெஷின் நன்றாக இருந்தும் ஓடாதே, அதுதான். காலில் தொடங்கி மேலே ஏறும், நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நிற்கும், தாண்டிவிட்டால் பெரும்பாலும் திரும்பி வரும் என்றாள்.

எங்கே வரை ஏறியிருக்கிறது என்று பார்க்க அவர்களிடம் ஒரு சுலபமான வழி இருந்தது. மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ண வேண்டும். முதல் நாள் முப்பத்திரண்டு எண்ணினேன். எண்ணுவதில் நான் புலியாயிற்றே, பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் காலை இருபத்து நான்கு. சாயங்காலம் பதினெட்டு. ஜெசி ஒவ்வொரு தடவையும் எண்ணைச் சார்ட்டில் எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போவாள். எனக்குப் பயம் வந்தது அங்கேதான். இருபது வருஷமாகக் காசை எண்ணியவன், இப்போது மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

என் மனைவி கிரேஸ் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டாள். பங்காரப்பேட்டைக்கு அப்பால் தனியாகப் போகாதவள், பெங்களூரில் பிளேன் ஏறி ராஞ்சியில் இறங்கி, பாஷை தெரியாத டிரைவரோடு நாலு மணி நேரம் டாக்சியில் வந்திருந்தாள். வந்ததும் அழவில்லை. என் உள்ளங்காலைக் கையால் அழுத்தி, "தெரிதா?" என்றாள். தெரியவில்லை. "தெரிது" என்றேன். "பொய்யி" என்றாள்.

நாலாம் நாள் காலை எண் ஒன்பது. பத்துக்குக் கீழே போனால் காத்திருக்க மாட்டோம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தொண்டைக்குள் குழாய் விட்டு வென்டிலேட்டரில் போட்டார்கள். அது நமக்காக மூச்சு விடும் மெஷின். என் காதுக்கு நல்ல மெஷினாகத்தான் பட்டது, ஓட்டத்தில் ஒரு தட்டல்கூட இல்லை. அன்றோடு பேச்சு போனது. கைகளும் போயின. கண்ணிமை இரண்டும் காதும் மட்டும் எனக்கு மிச்சம். ஆமாம் என்றால் ஒரு தடவை இமை மூடு, இல்லை என்றால் இரண்டு தடவை என்று ஜெசி சொல்லிக் கொடுத்தாள்.

டாக்டர் கிரேஸைக் கூப்பிட்டுப் பேசியது என் கட்டிலுக்குப் பக்கத்திலேதான். இரத்தத்திலுள்ள மஞ்சள் நீரை எடுத்துவிட்டு வேறு நீர் ஊற்ற வேண்டும், அதாவது எஞ்சினுக்கு ஆயில் மாற்றுவதுபோல. அந்த மெஷின் அங்கே இல்லை. இருக்கிற இரண்டு வென்டிலேட்டரில் ஒன்றில் நான் வாரக்கணக்காக, மாதக்கணக்காகப் படுத்துக்கிடக்க வேண்டி வரும். "உங்கள் மனிதர்கள் இருக்கும் ஊருக்குக் கொண்டு போங்கள், இரண்டு நாளைக்குள்" என்றார். பெங்களூரில் நரம்பு ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்கை இருந்தது. ரயிலில் முடியாது, ரோட்டில் இரண்டு நாள் தாங்காது. பிளேன் வைத்துத்தான் போக வேண்டும்.

பிளேன் வைப்பது! கார் வைப்பது தெரியும், டெம்போ வைப்பது தெரியும். கிரேஸ் தன் தம்பி அருளுக்குப் போன் போட்டாள். அருள் என்னோடு அதே பெட்டியில் வரும் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன், வாயாடி. அவன் எங்கேயோ விசாரித்து ஒரு பெங்களூர் ஏஜென்டைப் பிடித்துவிட்டான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் போனில் பேசினார்கள். கிரேஸ் ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். பிளேன் டில்லியில் நிற்கிறதாம். மணிக்கு ஒன்றேகால் லட்சம். டாக்டர், நர்ஸ், ஆக்சிஜன், இறங்குகிற கூலி, நிற்கிற கூலி, வரி என்று ஏஜென்ட் சொல்லச் சொல்ல எனக்குள் மீட்டர் ஓடியது. பதினொரு லட்சத்தில் வந்து நின்றது.

"சார், எங்களுக்கு ராஞ்சி டு பெங்களூரு மட்டும் போதும். ரெண்டரை மணி நேரம்" என்றான் அருள்.

"நீங்க பயணம் பண்றது ரெண்டரை மணி நேரம் சார். பிளேன் டெல்லிலேர்ந்து காலியா வரணும். உங்கள எறக்கிட்டு டெல்லிக்கு காலியா போகணும். அந்த மணியும் சேரும்."

"காலியா போறதுக்கு நாங்க இன்னாத்துக்கு சார் குடுக்கணும்? நாங்கதான் பெங்களூர்ல எறங்கிக்கிறோமே!"

ஏஜென்ட் பொறுமைசாலி. திரும்பவும் விளக்கினார். அருள் விடவில்லை. எங்கள் ஊரில் ஷேர் ஆட்டோ பத்துப் பேர் ஏறாமல் நகராது. அந்தப் புத்தி எங்கே போகும்?

"சரி சார், பிளேன்ல எத்தினி சீட்டு?"

"எட்டு. ஸ்ட்ரெச்சர் போட்டா நாலு போயிடும்."

"மாமாவுக்கு ஸ்ட்ரெச்சரு, டாக்டரு நர்ஸு எங்கக்கா மூணு பேரு. அப்ப ஒரு சீட்டு நிக்குது. ராஞ்சில பெங்களூரு போற பார்ட்டி ஒண்ண ஏத்திக்கினா இன்னா? கம்மியா வாங்கிக்கிறோம்."

"சார், இது ஆம்புலன்ஸ்" என்றார் ஏஜென்ட், தாழ்ந்த குரலில். குழாய் மட்டும் இல்லாவிட்டால் நான் சிரித்திருப்பேன். கிரேஸ் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"டேய் அருளு, வாய மூடு. அப்பா இன்னா வேல பாத்தாரு? கேஜ் ஓட்டனாரு. கீழ ஒருத்தன் அடிபட்டான்னா கேஜ் காலியாதான எறங்கும்? மேல கொண்டாந்து வுட்டுட்டு திரும்ப காலியாதான போவும்? அதுக்கு கணக்கு கேட்டாங்களா? சார், நீங்க சொல்ற துட்டுதான், சரி. எப்ப குடுக்கணும்?"

கேஜ் என்றால் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. என் மாமனார் மேலே நின்று அதன் மெஷினை ஓட்டியவர்.

முழுப் பணமும் மறுநாள் காலை பத்து மணிக்குள் வர வேண்டும், வந்தால்தான் பிளேன் டில்லியை விட்டுக் கிளம்பும் என்றார் ஏஜென்ட். எங்கள் சேமிப்பு, அருள் அடகு வைத்த கிரேஸின் நகை, முதலாளி கொடுத்தது எல்லாம் சேர்ந்தும் ஒன்றரை லட்சம் குறைந்தது. இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குத்தான், ஆகாயத்துக்கு இல்லை.

போனை வைத்ததும் கிரேஸ் என் முகத்துக்கு நேரே குனிந்தாள். "பிளேன் வெச்சிடலாமா?"

இரண்டு தடவை இமைத்தேன்.

"நல்லா பாத்து சொல்லு. பிளேன் வெச்சிடலாமா?"

இரண்டு தடவை. நான் போய்விட்டால் நாளைக்கு இவள் தனியாக நிற்க வேண்டும், கையில் பத்து பைசா இல்லாமல் நிற்கக் கூடாது என்பதுதான் என் கவலை. என் மதிப்பு எனக்குத் தெரியும், பதினொரு லட்சம் பெறாது. அதைச் சொல்ல வாயில்லை. திரும்பத் திரும்ப இரண்டு தடவை இமைத்துக்கொண்டே இருந்தேன். கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

கிரேஸ் முந்தானையால் என் காதைத் துடைத்தாள். "உன்ன கேட்டது என் தப்பு. ஷாஃப்ட்ல அடிபட்டவன கேட்டுட்டா கேஜ ஏத்துவாங்க?" என்று சொல்லிவிட்டு, ஜெபம் பண்ண வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நடந்தது எனக்குப் பெங்களூரில்தான் தெரிந்தது. அருள் வழக்கம்போல் ரயில் ஏறியிருக்கிறான். உரிகம் தாண்டியதும் பெட்டி நடுவில் எழுந்து நின்று, "நம்ம மீட்டரு அங்க மெஷின்ல கெடக்குறாரு. பத்து மணிக்குள்ள ஒன்றரை லட்சம் கட்டுனா பிளேன் வரும். கட்டலன்னா வராது" என்று சொல்லிவிட்டான். அதற்குமேல் பேச்சு வரவில்லையாம் அந்த வாயாடிக்கு. போனிலிருந்த, பணம் வாங்கும் க்யூ.ஆர். கட்டத்தைத் திறந்து தூக்கிப் பிடித்திருக்கிறான். போன் கை மாறி வரிசை வரிசையாகப் போயிருக்கிறது. பங்காரப்பேட்டையில் ரயில் நின்றதும் இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடியிருக்கிறான். பிறகு அதற்கடுத்த பெட்டி. மாலூர் வரை டவர் சரியாகக் கிடைக்காமல், பணம் போயிற்றா இல்லையா என்று தெரியாமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். டவர் வந்ததும் செல் டிங் டிங் என்று அடித்துத் தள்ளியிருக்கிறது. ஐம்பத்தொன்று. இருநூறு. ஐந்நூறு. நூறு. ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் ஒன்றரை லட்சம் தாண்டிவிட்டது. கண்டோன்மென்டில் இறங்கும்போது மணி எட்டே முக்கால். பிளாட்பாரத்தில் நின்றபடியே ஏஜென்டுக்குப் பணத்தை அனுப்பினான். பிளேன் கிளம்பியது.

நினைத்துப் பாருங்கள். டில்லியில் ஒரு பிளேன் எஞ்சினைப் போட்டு, பைலட் இரண்டு பேர் ஏறி, உள்ளே சீட்டெல்லாம் காலியாக, என்னை நோக்கிக் கிளம்பிவிட்டது. இன்றைக்கும் மத்தியானம் படுத்திருக்கும்போது அதை நினைத்தால் மயிர்க்கால் சிலிர்க்கிறது. அப்பா!

எங்களை ஆம்புலன்ஸில் ராஞ்சிக்கு ஏற்றும்போது ஜெசி கூடவே ஓடி வந்து, தன் சால்வையைக் கழற்றி என் காலில் போர்த்தினாள். திருப்பிக் கொடுக்க வழியில்லை என்று அவளுக்கும் தெரியும். பிளேனிலிருந்து வந்த டாக்டர் ஒரு சின்னப் பெட்டி அளவு வென்டிலேட்டரை மாட்டினார். ஸ்ட்ரெச்சரைச் சாய்த்து, திருப்பி, சின்ன வாசல் வழியாக உள்ளே நுழைத்தார்கள். நாலு பேர் "மெல்ல, மெல்ல" என்றார்கள். என் வாழ்நாளில் யாரும் எனக்காக அத்தனை மெல்ல ஒரு வேலையைச் செய்ததில்லை.

தூங்க மருந்து கொடுத்திருந்தும் நான் தூங்கவில்லை. மல்லாந்து கிடந்ததால் மேல்கூரைதான் தெரிந்தது. வெண்ணெய் நிறத்தில் வளைந்த கூரை. அதில் வட்டமாக நாலு சின்ன விளக்குகள். பிளேன் ஒரு பக்கம் சாய்ந்தபோது எங்கிருந்தோ ஒரு வெயில் துண்டு வந்து அந்தக் கூரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்ந்து போனது. எஞ்சின் சத்தம் ஒரே சீராக, தேன் ஊற்றுவதுபோல். முப்பது வருஷமாக எஞ்சின் காது எனக்கு, அப்படி ஒரு ஓட்டத்தைக் கேட்டதில்லை. செத்தாலும் சரி, இதைக் கேட்டுவிட்டேன் என்று தோன்றியது. அடுத்த நொடியே, ஐயோ, சாகக் கூடாது, பதினொரு லட்சம் என்றும் தோன்றியது.

பெங்களூரில் ஐந்து தடவை மஞ்சள் நீரை மாற்றினார்கள். வாயிலிருந்த குழாயை எடுத்து, கழுத்தில் ஓட்டை போட்டு அதில் வைத்தார்கள். மாதக்கணக்கில் மெஷினில் இருப்பவர்களுக்கு அதுதான் வசதியாம். ஐ.சி.யு.வில் நேரம் என்பது புரட்டிப் போடுவதுதான். இரண்டு மணிக்கொரு தடவை என்னை மூட்டையைப்போல் புரட்டுவார்கள், படுக்கைப்புண் வராமல் இருக்க. வெளியே காத்திருக்கும் இடத்தில் தினமும் சாயங்காலம் எங்கள் ரயில் பெட்டிக்காரர்கள் யாராவது ரயிலுக்குப் போகும் முன் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், கிரேஸுக்கு ஒரு பொட்டலம் சாப்பாடு வைத்துவிட்டு.

அருள் வந்து ரயில் கதையைச் சொன்னது அப்போதுதான். லிஸ்ட்டைப் படித்தான். "லலிதாம்மா, ரெண்டாயிரம்" என்றான். எனக்கு நெஞ்சு அடைத்தது, ஆனால் மெஷின் அதே சீராகத்தான் மூச்சு விட்டது. கண்ணில் நீர் வந்ததைப் பார்த்த நர்ஸ் கண் உலர்ந்து எரிகிறது என்று நினைத்து சொட்டு மருந்து விட்டாள்.

நாற்பத்தோராம் நாள் வலது கட்டை விரல் அசைந்தது. இன்னும் மூன்று வாரம் கழித்துக் கழுத்துக் குழாயை மூடிப் பேசிப் பார்க்கச் சொன்னார்கள். ஒரே மூச்சில் எண்ணுங்கள் என்றார் டாக்டர். நாலு எண்ணினேன். வார்டே கை தட்டியது. பிறகு ஒன்பது. பதினைந்து. நிற்கப் பழகி, சுவரைப் பிடித்து நடந்து, கோலோடு வீட்டுக்கு வந்தேன்.

போன திங்கட்கிழமை முதல்முறையாகத் திரும்பவும் ரயிலுக்குப் போனேன். அருள் கையைப் பிடித்து மூன்றாவது பெட்டியில் ஏற்றினான். என் ஜன்னலோர இடத்தில் ஒரு கைக்குட்டை விரித்திருந்தது. கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது எங்கள் ரயிலில் சட்டம், யாரும் மீற மாட்டார்கள்.

"யாரோ புடிச்சிருக்காங்க" என்றேன்.

"ஒக்காருணா, ஒனக்குதான்" என்றது லலிதாம்மாவின் குரல். அருள்தான் விவரம் சொன்னான். ஏழு மாதமாகத் தினமும் மாரிகுப்பத்தில் அந்த அம்மா கைக்குட்டை போட்டுவிடுமாம். பங்காரப்பேட்டை வரை இடம் காலியாக வரும். அங்கே கூட்டம் நெருக்கியதும் கைக்குட்டையை எடுத்துவிட்டு, நிற்கிறவர்களில் முடியாத யாரையாவது உட்கார வைக்கும். மறுநாள் மறுபடியும் கைக்குட்டை.

உட்கார்ந்தேன். எதிரே, பக்கத்தில், மேல் பலகையில், நடைவழியில் என்று எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"சொல்லுணா" என்றது லலிதாம்மா. "எங்க பிளேனு எப்டி இருந்துச்சி?"

எங்க பிளேனு. சரிதானே, பணம் கட்டினவர்கள் அவர்கள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். வெண்ணெய் நிறக் கூரை, நாலு விளக்கு, நகர்ந்து போன வெயில், எஞ்சின் சத்தம். வாயைப் பிளந்து கேட்டார்கள். மேல் பலகையிலிருந்த ஒரு பெண் எஞ்சின் எப்படிச் சத்தம் போட்டது என்று திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

ஆனால் எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "லலிதாம்மா, உங்க பையன் ஆபரேஷனுக்கு பை வந்துச்சே, அன்னிக்கு நான் தூங்கல" என்றேன்.

ரயில் சாம்பியன் ஸ்டேஷனைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"தெரியும்ணா" என்றது அந்த அம்மா. "தூங்கறவன் எங்கனா சட்ட பாக்கெட்ட கையால புடிச்சிக்கினு தூங்குவானா? அத வுடு. ஜன்னலு எத்தினி இருந்துச்சி, அத சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. கூரையைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லையே. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் கிரேஸைக் கேட்டேன். ராஞ்சியிலிருந்து பெங்களூர் வரை கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே வந்ததாகச் சொன்னாள். மறுநாள் காலை ஏஜென்டுக்குப் போன் போட்டு, என்னை யாரென்று சொல்லி, ஜன்னல் எத்தனை என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.